நடைமேடை வலது பக்கம்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, சூடாகக் கொடுத்தீர்களே, அதுவே பெரிது. எங்கள் ரயில் கார்டு அறையில் டீ என்ற பெயரில் ஊற்றுவதைக் குடித்துப் பார்த்தால் இதை நீங்கள் விருந்துக்கே வைக்கலாம் என்பீர்கள். போலீஸ் ஸ்டேஷனில் உட்கார நாற்காலியும் போட்டிருக்கிறீர்கள். அதனால் நானும் சுற்றி வளைக்காமல் பேசிவிடுகிறேன், ஐயா.

அந்த மருந்துக்கடைப் பெண் என்மேல் புகார் கொடுத்திருக்கிறாள். என் மச்சினனைப் பார்க்க வந்தால் நான் உள்ளே விடுவதில்லை, வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புகிறேன் என்கிறாள். உண்மைதான். ஆனால் அதை மட்டும் தனியாகப் பிய்த்து எடுத்துப் பார்த்தால் யாருக்கும் என்னைப் பற்றித் தப்பான எண்ணம்தான் வரும். முதலிலிருந்து கேளுங்கள். கேட்டு முடிக்கும்போது, இந்த மனுஷன் வேறு என்னதான் செய்திருக்க முடியும் என்று உங்களுக்கே தோன்றும்.

மச்சினன் என் மனைவியின் தம்பி. இருபது வயதில் ஏதோ நரம்புக் கோளாறு வந்து, வருஷம் திரும்புவதற்குள் இரண்டு கண்ணும் போய்விட்டது. பெற்றவர்கள் உயிரோடு இல்லை. அக்கா வீடே கதி என்று எங்களிடம் வந்து சேர்ந்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லாததால் என் மனைவி அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள். பிறகு அவள் நோயில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பேசியபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பியைத் தனியா விட்டுடாதீங்க" என்றாள். சரி என்றேன். நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஆள். அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அதன்பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே ஆண்கள். சமையல் நான், பாத்திரம் அவன். டம்ளர் மேஜையின் வலது மூலை, சீப்பு ஜன்னல் விளிம்பு, அவன் செருப்பு கதவுக்குப் பின்னால் சுவரை ஒட்டி. ஒரு பொருள் இடம் மாறாது. அவனுக்கு வீடு மனப்பாடம். ஒருமுறை ஏதோ பேச்சில் அவன் என்னை, "மாமா, நீங்க என்னைக் குழந்தையாவே வச்சிருக்கப் பாக்கறீங்க" என்று சொல்லிவிட்டான். எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் காலை கொதிக்கிற பாத்திரத்தை எப்போதும் வைக்கும் இடத்திலிருந்து ஒரு சாண் இந்தப் பக்கம் நகர்த்தி வைத்தேன். விரல் பொத்துப் போயிற்று. மருந்து போட்டுவிட்டேன். அவன் அழுதுகொண்டே, நேத்து அப்படிப் பேசினதுக்கு மன்னிச்சிடுங்க மாமா என்றான். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. கையை ஓங்கினேனா, கத்தினேனா, ஒன்றுமில்லை.

என் வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது பிடிபடாது. நான் புறநகர் ரயிலில் கார்டு. ஓட்டுநர் முன்னால் இருப்பார், நான் கடைசிப் பெட்டியில் ஒரு சின்ன அறையில். எங்கள் வண்டிகளில் இன்னும் கையால் தள்ளித் திறக்கிற கதவுதான், இரண்டு பக்கமும் திறக்கும். முன்பெல்லாம் அடுத்த நிறுத்தம் எது, நடைமேடை எந்தப் பக்கம் என்பதை நாங்களே மைக்கில் சொல்லுவோம். மச்சினனுக்கு ஓர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. அவன் ஷிப்டை என் ட்யூட்டியோடு ஒத்துப்போகும்படி நானே அங்கே போய்ப் பேசி அமைத்துக் கொடுத்தேன். போவதும் வருவதும் என் வண்டியில், என் அறையை ஒட்டிய பெட்டியில். எங்கள் நிறுத்தம் வந்தால், ஊர்ப்பெயரைச் சொல்லிவிட்டு, "மாப்ளே, வலது பக்கம், எழுந்திரு" என்று மைக்கில் சேர்த்துச் சொல்வேன். வண்டியே சிரிக்கும். தினமும் வருகிற ஜனங்கள் அவனை மாப்ளே என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த நாட்களில் அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு கார்டு அறைக்கு அந்த அறிவிப்புப் பெட்டி வந்தது. பெரிய டிபன் பாக்ஸ் அளவு இருக்கும், சின்னத் திரை, சில பட்டன்கள். புறப்படுமுன் வண்டி எண்ணை அடித்தால் போதும். எந்தெந்த நிறுத்தம், எதில் நிற்காது, எந்த நிறுத்தத்தில் நடைமேடை எந்தப் பக்கம் எல்லாம் அதற்குள் ஏற்கெனவே ஏற்றி வைத்திருக்கிறார்கள். கதவுகளுக்கு மேலே உள்ள பலகையில் எழுத்து ஓடும். முகம் தெரியாத ஒரு பெண் தேன் ஒழுகுகிற குரலில் அறிவிப்பாள். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணித்தான் வண்டி எங்கே இருக்கிறது என்று அது கண்டுபிடிக்கிறது. மழையில் சக்கரம் வழுக்கினால் கணக்கு பிசகும். அப்போது நாங்கள் 'அடுத்தது' என்ற பட்டனை ஒரு தட்டு தட்டி அவளை ஒரு நிறுத்தம் முன்னுக்குத் தள்ளிவிட வேண்டும். இன்னொரு பட்டன், பக்கம் மாற்றுவதற்கு. தண்டவாள வேலை நடந்தால் வண்டியைப் பக்கத்துத் தடத்தில் விடுவார்கள், நடைமேடை எதிர்ப்பக்கம் வந்துவிடும். அது பெட்டிக்குத் தெரியாது. நாங்கள்தான் அழுத்தி மாற்ற வேண்டும். பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். ஜனங்கள் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுக்குப் போவார்கள், அவ்வளவுதான். அதற்காக யாருக்கும் வேலை போனதில்லை.

பெட்டி வந்த வாரமே மச்சினன் வீட்டுக்குள் துள்ளிக்கொண்டு வந்தான். "மாமா, இனிமே எந்த வண்டியில வேணும்னாலும் ஏறலாம். உங்க ட்யூட்டியப் பாத்து நான் கிளம்ப வேண்டியதே இல்ல. உங்களுக்கும் ஒரு தொல்லை விட்டுச்சு."

தொல்லை என்று நான் எப்போதாவது சொன்னேனா, ஐயா? மைக்கை எடுக்கவே வேண்டாம், அவசரத்துக்கு மட்டும் என்று உத்தரவு போட்டிருந்தார்கள். அவன் எந்த வண்டியில் வருகிறான் என்று தெரியாமல் சோறு ஆறிப்போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வந்ததும் ஆஸ்பத்திரிக் கதைகளைச் சொல்வான். அந்தக் கதைகளில் மருந்துக்கடைப் பெண் அடிக்கடி வர ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருக்கிற மருந்துக்கடையில் வேலை. அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும். கண் தெரிகிற ஒருத்தி இவனிடம் என்னத்தைக் கண்டாள் என்று நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குரலை நம்புவது நல்லதில்லை என்று எனக்குப் பட்டது. சரியான நேரத்தில் ஒரு பாடம் இருந்தால் பிற்காலத்துக்கு உதவும். ஒருநாள் மதியம் என் வண்டியில் வந்தான். பெட்டியில் 'அடுத்தது' பட்டனை ஒரு தட்டு கூடுதலாகத் தட்டினேன். எங்களுக்கு முந்திய நிறுத்தத்தில் அந்தக் குரல் எங்கள் ஊர்ப்பெயரைச் சொல்லிற்று. அவன் இறங்கினான். வயல்வெளியைப் பார்த்த ஆளில்லாத நிறுத்தம் அது. வண்டி நகர்ந்தபோது கடைசிப் பெட்டியிலிருந்து பார்த்துக்கொண்டே போனேன். குச்சியால் தரையைத் தட்டிக்கொண்டு, இல்லாத படிக்கட்டைத் தேடினான். பிறகு அப்படியே நின்றுவிட்டான். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு போன். "மாமா, எங்கயோ மாட்டிக்கிட்டேன், வாங்க" என்று ஒரு வார்த்தை. ட்யூட்டியை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் பறந்து போயிருப்பேன்.

போன் வரவில்லை. அவன் அந்த மருந்துக்கடைப் பெண்ணைக் கூப்பிட்டிருக்கிறான். அவள் வாடகைக் கார் பிடித்து வந்து கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அவள் வரும்வரை வழி தவறிய பூனை மாதிரி அங்கே உட்கார்ந்திருந்ததைச் சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் என் சமையலறையில் நின்று சிரித்தார்கள். அந்த நிறுத்தத்தில் வைத்துத்தான் கல்யாணப் பேச்சை எடுத்தானாம். அவளும் சரி என்றுவிட்டாளாம். ரயில் பாதையின் அந்தக் கோடியில் ஒரு வீடு பார்த்திருந்தார்கள்.

"மாமா, நீங்களும் எங்ககூட வந்துடுங்களேன்" என்று அவள் சொன்னாள். என்னைப் பார்த்து அல்ல, அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். எங்ககூட என்ற வார்த்தையை அவள் எவ்வளவு சீக்கிரம் பழகிக்கொண்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"உங்களுக்கு இந்த வீடுதானே சௌகரியம், மாமா" என்றான் மச்சினன். வராதே என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. நான் அவனுக்குக் கொடுத்த வளர்ப்பு அப்படி.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகத் தூங்கினேன். கோபம் இருந்தால்தானே தூக்கம் கெடும். கொடுத்த வாக்கை எப்படிக் காப்பாற்றுவது என்ற ஒரு கேள்விதான் இருந்தது. அதற்கு அவசரப்படக் கூடாது, மழைக்காலம் வரட்டும் என்று இருந்தேன்.

மழை எதற்கு என்று கேட்கிறீர்கள். கண் தெரியாதவனோடு குடியிருந்தால்தான் இது தெரியும். அவனுக்கு ஊர் முழுக்கக் காதில் இருக்கிறது. நடைமேடை எந்தப் பக்கம் என்பதைக்கூட வண்டி உள்ளே நுழையும்போது சத்தம் சுவரில் மோதித் திரும்புவதை வைத்தே ஓரளவு சொல்லிவிடுவான். மழை பெய்தால், அதுவும் ரயில் கூரையில் கொட்டினால், எல்லாச் சத்தமும் ஒன்றாகிவிடும். மழை வந்தா எனக்கு இன்னொரு தடவை கண்ணு போயிடுது மாமா என்று அவனே சொல்லியிருக்கிறான்.

மழைக்காலத்தில் ஒரு வாரம் தண்டவாள வேலை வந்தது. மதிய வண்டியைப் பக்கத்துத் தடத்தில் விட்டார்கள். எங்கள் நிறுத்தத்தில் நடைமேடை வலது பக்கத்துக்குப் பதில் இடது பக்கம் வரும். வலது பக்கம் இறங்கினால் ஜல்லி, ஓரடி தள்ளி எங்கும் நிற்காத விரைவு வண்டிகள் போகிற தடம். முதல் இரண்டு நாள் வானம் வெளிறிக் கிடந்தது. நான் ஒழுங்காகப் பக்கம் மாற்றும் பட்டனை அழுத்தினேன். 'நடைமேடை இடது பக்கம்' என்று அந்தக் குரல் சொல்லிற்று. அவன் பத்திரமாக இறங்கினான். வீட்டுக்கு வந்து, "மாமா, உங்க வண்டின்னா தப்பே வராது" என்று பாராட்டினான். பிறகு நடந்த ரயில்வே விசாரணையில் இந்த இரண்டு நாளையும் என் கணக்கில் நல்லதாக எழுதினார்கள்.

மூன்றாம் நாள் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. முட்டையை உரித்து அவன் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னேன். "மாப்ளே, இன்னைக்குத் திரும்பி வரும்போது பழையபடி வலது பக்கம்தான் வரும். ஆனா அந்தப் பக்கம் பிளாட்பாரத்தை உடைச்சுப் போட்டிருக்காங்க. வெறும் ஜல்லி. குச்சி சட்டுன்னு கீழ போகும், பயந்துடாதே. கம்பியப் பிடிச்சுக்கிட்டு மெதுவா இறங்கு."

"நல்லவேளை சொன்னீங்க" என்றான்.

நடைமேடையை யாரும் உடைக்கவில்லை, ஐயா. நடைமேடை இடது பக்கத்தில் முழுசாக, ஈரத்தில் பளபளவென்று இருந்தது.

மதிய வண்டியில் எங்கள் பக்கம் கூட்டம் இருக்காது. அந்தப் பெண் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் அவனை ஏற்றிவிட்டுப் போனாள், அவளுக்கு ஷிப்டு முடியவில்லை. கடைசி ரயில் பெட்டியில் அவன் மட்டும். எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. சட்டையின் மேல்பட்டனை மாற்றிப் போட்டிருந்தான், வீட்டுக்கு வந்ததும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். எங்கள் நிறுத்தம் நெருங்கியது. பட்டனை நான் அழுத்தவில்லை. 'நடைமேடை வலது பக்கம்' என்று அந்தக் குரல் சொல்லிற்று. வண்டி நின்றது. அவன் எழுந்து வலது பக்கக் கதவைத் தள்ளினான். குச்சியைக் கீழே விட்டான். அது ஜல்லியில் பட்டது. நான் சொன்னபடியே இருந்ததால் தலையை ஆட்டிக்கொண்டான். ஆனாலும் இறங்கவில்லை. மழையில் என்னவோ அவனுக்குச் சரியாகப் படவில்லை போலிருக்கிறது. என் அறைப் பக்கம் முகத்தைத் திருப்பி, "மாமா?" என்றான். சத்தம் கேட்கவில்லை, வாய் அசைந்ததில் தெரிந்தது.

பாருங்கள், கடைசியில் அவன் என்னைத்தான் கேட்டான். அந்தக் குரலை அல்ல.

பெட்டி வந்த நாளிலிருந்து தொடாத மைக்கை எடுத்தேன். "மாப்ளே, வலது பக்கம், இறங்கு" என்றேன். அவன் முகம் மலர்ந்ததைச் சொல்லி மாளாது. பழைய நாட்கள் மாதிரியே சிரித்துக்கொண்டு, கம்பியைப் பிடித்து இறங்கினான். முன் பெட்டிகளில் நாலைந்து பேர் அதைக் கேட்டிருக்கிறார்கள். எவ்வளவு பாசமாகக் கூப்பிட்டார், பாவம், அவரே பக்கத்தைத் தப்பாக நினைத்துவிட்டார் என்று விசாரணையில் எனக்காகச் சாட்சி சொன்னார்கள்.

விரைவு வண்டி எப்போது வரும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். இத்தனை வருஷம் அந்தப் பாதையில் ஓடுகிறவனுக்கு அது தெரியாமல் இருக்குமா? தெரியும். வருகிற வெளிச்சத்தையும் பார்த்தேன். ஆனால் அவன் சாக வேண்டும் என்று நான் ஒரு நிமிஷம்கூட நினைத்ததில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். செத்துப்போனால் நான் யாரைப் பார்த்துக்கொள்வது?

இரண்டு கால்களும் முழங்காலுக்கு மேல் போய்விட்டன. பக்கம் மாற்ற மறந்தது கவனக்குறைவு என்று எனக்கு ஓர் எச்சரிக்கை கொடுத்தார்கள். கூட வேலை பார்க்கிறவர்கள் வீட்டுக்கு வந்து என் தோளைத் தட்டி, யாருக்கு வேண்டுமானாலும் நடந்திருக்கும் என்றார்கள். நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். அவனுக்கு ஒரு ஆள் எப்போதும் பக்கத்தில் வேண்டுமே.

அவன் என்னைக் குறை சொன்னதே இல்லை. மைக்கில் நான் கூப்பிட்டதை எடுத்துச் சொல்லி, "நீங்களும் ஏமாந்துட்டீங்க மாமா, உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்" என்று எனக்கே ஆறுதல் சொல்வான். இப்போது வேளாவேளைக்குச் சாப்பாடு, மருந்து, குளியல், எல்லாம் என் கையால். இப்போ மணி என்ன, வெளியே வெயிலா மழையா என்று கேட்பான், சொல்லுவேன். சில நாள் மணியைக் கொஞ்சம் முன்னே பின்னே சொல்வதுண்டு. சீக்கிரம் தூங்கினால் உடம்புக்கு நல்லதுதானே.

அந்தப் பெண் விஷயத்துக்கு வருகிறேன். வேறோர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த அவனுக்கு நினைவு திரும்புமுன் வந்தாள். நினைவு வந்துவிட்டது, ஆனால் இந்த நிலைமையில் உன்னைப் பார்க்க அவனுக்கு இஷ்டமில்லை என்று அவளிடம் சொன்னேன். நினைவு திரும்பியதும் அவள் வந்தாளா என்று இவன் கேட்டான். ஒருதடவை வந்தாள், காலைப் பார்த்தாள், போய்விட்டாள் என்றேன். அவன் போனை ரிப்பேர் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். அதன்பிறகு அவள் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். வாசலில் நிற்பாள், கெஞ்சுவாள், ஒருநாள் என் காலிலேயே விழுந்தாள். அந்த நேரத்துக்கு அவனுக்குத் தூக்க மாத்திரை கொடுத்திருப்பேன், இல்லையென்றால் ரேடியோவைச் சத்தமாக வைத்திருப்பேன். தினமும் சாயங்காலம் அவன் கேட்பான்.

"மாமா, யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரலடா."

"பரவால்ல. நீங்க இருக்கீங்களே" என்று என் கையைத் தேடிப் பிடித்துக்கொள்வான். அந்தக் கைதான் ஐயா எனக்குச் சம்பளம், பென்ஷன் எல்லாம்.

என்னை இங்கே அழைத்து வந்தபிறகு அவளை என் வீட்டுக்குள் கூட்டிப்போய் விட்டதாகச் சொன்னீர்கள். இந்நேரம் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், அழுவாள், நான்தான் வந்திருக்கேன் என்று சொல்லுவாள், கையைப் பிடிப்பாள். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால் என்னை ஒரு நடை வீட்டுக்கு அழைத்துப் போங்கள், மாத்திரை நேரம் ஆகிறது. எத்தனை குரல் கேட்டாலும் அவன் கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பி, "மாமா, வந்திருக்கறது அவதானா?" என்று என்னைத்தான் கேட்பான். நான் ஆமாம் என்று சொல்கிறவரை, அது அவளாக இருக்காது.